மயக்க மருந்தும் இரத்த அழுத்தமும்: ஹைதராபாத் நாய்கள் சொன்னதும் சொல்லாததும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சபைகளின் ஆதரவாளர் கூட்டத்தில் மயக்க மருந்துப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



ஆபரேஷன் தியேட்டரைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். கத்தி பிடிக்கிறவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற எங்களைப் பற்றித்தான் அவ்வளவாகத் தெரியாது. ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டுப் போய்விடுகிற ஆள் என்று நினைக்கிறவர்கள் அநேகர்.

விழுப்புரத்திலிருந்து வந்திருக்கிற பெரியவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். "மயக்க மருந்து கொடுத்தால் பிரஷர் இறங்கும் என்கிறீர்கள். இதையெல்லாம் நாய்க்கும் எலிக்கும் கொடுத்துத்தானே கண்டுபிடித்தீர்கள்? நாய்க்கு ஆனது மனுஷனுக்கும் ஆகும் என்று எப்படி நம்புவது?" இதுதான் கேள்வி. நல்ல கேள்வி. உலகத்தின் பெரிய மருத்துவர்களே இதைக்குறித்து இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையின் நடுவில் இருந்த ஊர் லண்டன் அல்ல, நம்முடைய ஹைதராபாத். அந்தச் சரித்திரத்தைச் சொன்னாலே ஐயாவுக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் சரீரத்துக்குள் இருக்கிற ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பாயில் படுத்திருக்கிறவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். அந்த நொடியில் இரத்தத்தில் ஒரு பங்கு காலுக்கு இறங்கிவிடும். தலைக்குப் போகிற இரத்தம் குறைந்து அவர் விழவேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் விழுவதில்லை. ஏன்? கழுத்தின் இரண்டு பக்கத்திலும், தலைக்குப் போகிற பெரிய இரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளந்துகொண்டே இருக்கும் நரம்பு முனைகள் உண்டு. இருதயத்தை விட்டுப் புறப்படும் மகாதமனியின் வளைவிலும் உண்டு. அழுத்தம் குறைந்தது என்று இவை தெரிவித்தவுடன், மூளையின் அடிப்பாகம் இருதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும், கைகால்களிலும் குடலிலும் உள்ள சிறு குழாய்களைச் சுருக்கச் சொல்லும். சில நொடிகளுக்குள் காரியம் முடிந்துவிடும். கழுத்தில் இருக்கிற இந்த ஏற்பாட்டை 1920களில் ஹெரிங் என்ற ஜெர்மன் அறிஞர் விளக்கினார்.

நம்முடைய வீடூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மதகு பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். தண்ணீர் ஏறினால் திறப்பார், இறங்கினால் அடைப்பார். மயக்க மருந்து என்ன செய்கிறது என்றால், அந்த மனுஷரையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடுகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கிற நாளில் அவர் தூங்குவது ஒருவருக்கும் தெரியாது. வெள்ளம் வருகிற நாளில், அல்லது வரத்து சட்டென்று நின்றுபோகிற நாளில்தான் தெரியும்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து எழுதிவைத்தவர் மருத்துவர் அல்ல, ஒரு குருவானவர் என்பதை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊர்ச் சபையின் குரு ஸ்டீபன் ஹேல்ஸ். இனி வேலைக்கு உதவாது, கொன்றுவிடலாம் என்று விடப்பட்ட ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, தொடையின் இரத்தக்குழாயில் பித்தளைக் குழல் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடி மூன்றங்குல உயரத்துக்கு ஏறியது. 1733-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அன்றைக்கு மயக்க மருந்து கிடையாது. குதிரை முழு விழிப்பில், வலியில், திகிலில் இருந்தது. எட்டடி மூன்றங்குல இரத்தம் என்பது இன்றைய பாதரசக் கணக்கில் சுமார் 190. அமைதியாக நிற்கிற குதிரையின் சராசரி அழுத்தம் அதைவிட வெகு குறைவு. ஆகவே ஹேல்ஸ் ஐயர் அளந்தது குதிரையின் அழுத்தத்தை மட்டும் அல்ல, குதிரையின் பயத்தையும் சேர்த்துத்தான்.

நூறு வருஷத்துக்கு மேல் கடந்தது. 1847-ல் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. ஜெர்மனியில் கார்ல் லுட்விக் என்பவர், இரத்த அழுத்தத்தைச் சுழலும் உருளையின்மேல் கோடாக எழுதிக்காட்டும் கருவியைச் செய்தார். (மருத்துவக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இங்கே இருந்தால், புகையடித்த தாள் சுற்றிய அந்த உருளையையும் தவளையின் காலையும் மறந்திருக்க மாட்டார்கள்.) அதே வருஷம் நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோபாரம் கொடுத்தார். வலியை நீக்குவது தேவ சித்தத்துக்கு விரோதம் என்று ஆட்சேபித்தவர்களுக்கு அவர் வேதத்திலிருந்தே பதில் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தர் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினாரே என்று எடுத்துக்காட்டினார்.

ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28-ல், இங்கிலாந்தின் வடபகுதியில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுத்த சில நிமிஷத்துக்குள் இறந்துபோனாள். கால் நகம்! அவளுக்கு நேர்ந்தது என்ன என்று இன்றுவரை வாதம் உண்டு. அவளுக்குப் பிறகும் அப்படிப் பலர் போனார்கள், அதுவும் பெரும்பாலும் சின்னச் சின்ன ஆபரேஷன்களில், மயக்கம் தொடங்குகிற முதல் நிமிஷங்களில்.

குளோரோபாரம் எதை நிறுத்துகிறது, மூச்சையா இருதயத்தையா? இதில்தான் இரண்டு கட்சி உண்டாயிற்று. மூச்சைக் கவனி, நாடியைப் பார்க்காதே, மூச்சு சரியாக இருந்தால் பயம் இல்லை என்றது எடின்பரோ வழி வந்த கட்சி. இல்லை, இருதயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோகலாம், நாடியில் எப்போதும் கை இருக்கவேண்டும் என்றது மற்ற கட்சி. இதைப் புத்தகச் சண்டை என்று நினைக்காதீர்கள். மயக்கம் கொடுக்கிறவரின் கண்ணும் கையும் எங்கே இருக்கவேண்டும் என்கிற கேள்வி அது. தப்பான இடத்தில் இருந்தால் நோயாளி பிழைக்கமாட்டார்.

மனுஷரிடத்தில் அளந்து பார்த்துத் தீர்த்திருக்கலாமே என்பீர்கள். முடியாது. கையில் துணிப்பட்டை சுற்றிக் காற்றடித்து அளக்கிறோமே, அதை இத்தாலியில் ரிவா ரோச்சி என்பவர் 1896-ல்தான் செய்தார். அதற்கு முன்னே அழுத்தத்தைச் சரியாக அளக்க இரத்தக்குழாயையே திறந்து குழல் செருகவேண்டும். ஆகவேதான் விலங்குகளிடம் போனார்கள்.

ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற ராணுவ மருத்துவர் இருந்தார். எடின்பரோவில் படித்தவர், மூச்சுக் கட்சிக்காரர், அங்கே மருத்துவப் பள்ளியின் தலைவர். அவருடைய மாணவி ரூபாபாய் ஃபர்தூன்ஜி மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக்கொண்ட உலகின் முதல் பெண்களில் ஒருவர் என்று எங்கள் துறையில் மரியாதையோடு நினைவுகூருகிறோம். லாரி 1888-ல் நிஜாம் மஹபூப் அலி கானின் ஆதரவோடு ஒரு குழு அமைத்து, தெருநாய்களுக்குக் குளோரோபாரம் கொடுத்துச் சோதித்தார். மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று அறிக்கை வந்தது. லண்டனில் லான்செட் பத்திரிகை ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது நிஜாம், நீங்களே ஒருவரை அனுப்புங்கள், செலவு என்னுடையது என்று ஆயிரம் பவுன் கொடுத்தார். வந்தவர் சாதாரண ஆள் அல்ல. நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் மருந்தை 1867-ல் காட்டிய லாடர் பிரண்டன். இருதயமும் நிற்கக்கூடும் என்ற எண்ணத்தோடு அவர் கப்பலேறினார்.

1889-ன் கடைசி மாதங்களில் நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் சோதிக்கப்பட்டன. அதிகம் நாய்கள், அவற்றோடு குரங்குகள், இன்னும் சில பிராணிகள். பலவற்றுக்கு இரத்தக்குழாயில் குழல் வைத்து உருளையில் அழுத்தத்தின் கோட்டை எடுத்தார்கள். கோடு ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னது. குளோரோபாரம் உள்ளே போகப்போக அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. பிறகு மூச்சு நிற்கிறது. அதற்கும் பிறகுதான் இருதயம். பிரண்டன் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1890-ல் லான்செட்டில் அறிக்கை வெளியானது. மூச்சைக் கவனித்தால் போதும் என்று லாரி வெற்றி கொண்டாடினார்.

அளவு துல்லியம், எண்ணிக்கை பெரிது, ஆட்கள் நேர்மையானவர்கள். ஆனாலும் உலகமெங்கும் சின்ன ஆபரேஷனுக்குப் படுத்தவர்கள் திடீரென்று இறந்துகொண்டேதான் இருந்தார்கள்.

1893-ல் கேம்பிரிட்ஜில் கேஸ்கல், ஷோர் என்ற இருவர், அழுத்தம் இறங்குவதற்கு மருந்து இருதயத்தையே தாக்குவதுதான் முக்கியக் காரணம் என்று காட்டி ஹைதராபாத் அறிக்கையை மறுத்தார்கள். சண்டை அதோடும் தீரவில்லை. முடிச்சை அவிழ்த்தவர் லண்டனைச் சேர்ந்த குட்மன் லெவி. 1911-ல் அவர் பூனைகளில் ஒன்றைக் கண்டார். பூனை ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. லேசான மயக்கத்தில் இருக்கும்போது, பயத்தில் நம் சரீரம் சுரக்கிறதே அட்ரினலின், அதைச் சிறிதளவு செலுத்தினால், இருதயம் அடிப்பதை விட்டுப் புழுக்கள் நெளிவதுபோல நடுங்கி நின்றுவிடுகிறது. மூச்சு அதற்குப் பிறகுதான் நிற்கிறது.

இப்போது ஹைதராபாத்தை மறுபடியும் பாருங்கள். அங்கே செய்த சோதனைகளில் பெரும்பாலானவை மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, ஆழ்ந்த மயக்கத்தையும் கடந்து மரணம்வரை கொண்டுபோனவை. அந்த வழியில் போனால் மூச்சுதான் முதலில் நிற்கும். நாய்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மரணம் வந்துகொண்டிருந்தது வேறொரு வாசல் வழியாக. பயந்துபோய்ப் பாதி மயக்கத்தில் கிடக்கிற நோயாளியின் நிலை அந்தக் கோடுகளில் அநேகமாக இல்லை. ஐயா அவர்களே, விலங்கு வேறு மனுஷன் வேறு என்பதால் வந்த பிழை அல்ல இது. எந்த நிலையிலிருந்த விலங்கு என்று கேட்காததால் வந்தது.

இதே கேள்வி பிற்பாடு ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. எத்தனையோ காலமாக இருதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பற்றிய பாடங்கள் மயக்கத்திலிருந்த நாய்களிலிருந்துதான் எழுதப்பட்டன. 1970களில் அமெரிக்காவில் வாட்னரும் பிரான்வால்டும், நாயின் சரீரத்துக்குள் அளவு கருவிகளை முன்கூட்டியே பொருத்தி, புண் ஆறியபின் அது விழித்து அமைதியாக இருக்கும்போது அளந்தார்கள். பிறகு அதே நாய்க்கு மயக்கம் கொடுத்தும் அளந்தார்கள். கழுத்து நரம்பைத் தூண்டினால் கிடைக்கிற பதில் இரண்டு நிலையிலும் ஒன்றாக இல்லை.

மருந்துக்கு மருந்து வித்தியாசமும் உண்டு. 1956-ல் வந்து நெடுங்காலம் எங்கள் தியேட்டர்களில் புழங்கிய ஹாலோதேன் இருதயத்தின் பலத்தைக் குறைக்கும், மதகுக்காரரையும் தூங்கவைக்கும். ஐசோஃப்ளுரேன் முக்கியமாக இரத்தக்குழாய்களைத் தளர்த்தும். பென்டோபார்பிட்டால் நாயின் இருதயத் துடிப்பை ஏற்றிவிடும். குளோரலோஸ் கொடுத்த விலங்கில் அந்தக் கழுத்து ஏற்பாடு ஓரளவு விழிப்பாகவே இருக்கும், அதனால்தான் அதைப் படிக்கிறவர்கள் அந்த மருந்தைத் தெரிந்தெடுத்தார்கள். கேட்டமின் அழுத்தத்தைக் கூட்டும். எலிக்கு இன்னொரு தொல்லை, மயங்கியவுடன் அதன் சின்ன உடம்பு சில்லிட்டுப்போகும், அதனாலேயே அளவுகள் மாறும். ஆகவே எலியின் இரத்த அழுத்தம் இத்தனை என்று ஒருவர் சொன்னால், எந்த மருந்தில், எவ்வளவு ஆழத்தில், சூடாக வைத்திருந்தார்களா என்று கேட்கவேண்டும்.

அப்படியானால் மயக்கமே கொடுக்காமல் ஆராயலாமா என்று சில வாலிபர்கள் கேட்பார்கள். கூடாது. வலியிலிருந்து தப்புவிக்கிறதற்கு விலங்குக்குக் கிடைத்த தயவு அந்த மருந்து. திகிலடைந்த குதிரையின் எண்ணும் சரியான எண் அல்ல என்று பார்த்தோமே. நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் ராஜ்யசபையில் பிராணிவதைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். பிரதமர் நேருவின் வாக்குறுதியின்பேரில் அதைத் திரும்பப் பெற்றார்கள், 1960-ல் அரசாங்கமே சட்டம் கொண்டுவந்தது. அறுவை செய்யும் சோதனைகளில் கூடியமட்டும் வலி தெரியாத அளவுக்கு மயக்கம் கொடுக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

இங்கே ஒரு விசித்திரம். தசைகளைத் தளர்த்தும் மருந்து பெற்ற விலங்கு கத்த முடியாது, காலை இழுக்க முடியாது. மயக்கம் போதாமல் அது வலியை உணர்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? இரத்த அழுத்தமும் இருதயத் துடிப்பும் எகிறுவதை வைத்துத்தான் பெரும்பாலும் தெரியும். எங்கள் மேஜையில் படுத்திருக்கிற மனுஷருக்கும் அப்படியே.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே திருச்சி ரோட்டில் நடக்கிற விபத்துகளைக்குறித்து உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருபத்தைந்து வயது வாலிபன் ஒருவன், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன், தொடை எலும்பு முறிந்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறான், தண்ணீர் கேட்கிறான். பிரஷர் பார்த்தால் 110. அவன் தாயாருக்கு நிம்மதி. எனக்கு நிம்மதி இல்லை. வளர்ந்த மனுஷரின் ஐந்து லிட்டர் இரத்தத்தில் முக்கால் லிட்டர் போனாலும் அழுத்தம் அநேகமாக மாறாது. இன்னும் கொஞ்சம் போனாலும் வாலிப சரீரம் தாக்குப்பிடித்துக் காட்டும். முறிந்த தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். 110 என்ற எண்ணை அந்த மதகுக்காரர் தன் முழுப் பலத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறார். நாடி 130 ஓடுகிறதும், விரல்கள் சில்லிட்டிருக்கிறதும் அவர் படுகிற பாட்டைக் காட்டுகின்றன. இந்த நேரத்தில் நான் வழக்கமான அளவு மயக்க மருந்தை ஏற்றினால் அவரைத் தூங்கவைத்துவிடுவேன். ஒரு நிமிஷத்தில் 110 என்பது 50 ஆகும். முதுகில் ஊசி போட்டாலும் இப்படித்தான், குழாய்களைச் சுருக்கும் நரம்புகள் அதில் அடைபட்டுப்போகும்.

அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் இரத்தமும் திரவமும் ஏற்றுகிறோம், மருந்தின் அளவைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம், பல வேளைகளில் கேட்டமினைத் தெரிந்துகொள்கிறோம். கேட்டமினும் எப்போதும் காப்பாற்றும் என்றில்லை. வெகுநேரம் இரத்தம் இழந்து, பலம் முழுவதும் செலவழிந்துபோன சரீரத்தில் அதுவும் அழுத்தத்தை இறக்கிவிடும். வயிற்றுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டேயிருந்தால் காத்திருக்கவும் கூடாது. ஒருபக்கம் இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் சர்ஜன் கைகழுவி நிற்பார்.

வெளியே நிற்கிற உறவினர்கள் கோபப்படுவார்கள். "எலும்பு முறிந்து ஒரு மணி நேரமாகிறது, இன்னும் ஆபரேஷன் ஆரம்பிக்கவில்லையே, டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், என் பிள்ளையாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். உங்கள் சபையார் யாராவது அந்த நேரத்தில் அங்கே நிற்க நேர்ந்தால், இன்று கேட்டதை அவர்களுக்கு எடுத்துச்சொல்லுங்கள். அதைவிட நல்லது, உங்கள் இரத்தம் என்ன குரூப் என்று தெரிந்துவைத்திருந்து, கேட்கும்போது கொடுங்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள வாலிபர் சங்கங்கள் இதைச் செய்யலாம்.

1980களில் ஹார்வர்ட் மருத்துவமனைகள் ஒரு விதி வைத்தன. மயக்கத்தில் இருக்கிறவரின் இரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறையாவது பார்த்து எழுதவேண்டும். இன்று எங்கும் அதுவே வழக்கம். மூச்சா நாடியா என்ற பழைய சண்டை அங்கே தீர்ந்தது, இரண்டையும் பார்க்கிறோம். தியேட்டரில் என் பக்கத்தில் ஒரு சார்ட் இருக்கும். அதில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. நானும் சிஸ்டரும் மாறிமாறி வைக்கிற புள்ளிகள் அவை. கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பழைய சார்ட்டைப் பெயரும் நம்பரும் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். இருபதாவது நிமிஷத்தில் கோடு சட்டென்று இறங்கி, முப்பதில் மறுபடியும் ஏறுவதைக் காண்பீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பாட்டில் இரத்தம் ஏறியது.